பதினைந்து பவுண்டு மூடி

மனித குலம் இதுவரை கூட்டிய குழுக்களை எல்லாம் ஒரு தட்டிலும், அந்த மருத்துவமனையின் "குளிர்விப்பு அழுத்தச் சீராய்வு உயர்நிலைக் குழு"வை மறு தட்டிலும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். மற்ற குழுக்கள் போரை நிறுத்தக் கூடின, பஞ்சத்தைப் போக்கக் கூடின, கூடியதோடு சரி. இந்தக் குழு ஒரு பழைய வேனின் ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்தது. எடுத்ததைக் கடைசி வரை விடவில்லை. இப்படியொரு பிடிக்கு முன்னுதாரணம் வேண்டுமென்றால் உடும்பிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

நல்ல காரியம் நடக்கிற இடத்தில் முகத்தைச் சுளிப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். இங்கே அவர் அந்த வேனின் ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக அதே வண்டி, அதே பாதை. வாரத்தில் மூன்று நாள் குன்றுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, ஒரு பெரிய மேட்டை ஏறி இறங்கி, காலை எட்டு மணிக்குள் டயாலிசிஸ் பிரிவின் வாசலில் இறக்கிவிட வேண்டும். பிந்தினால் அவர்களுடைய எந்திரத்தில் அடுத்த முறைக்காரர்கள் படுத்துவிடுவார்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அந்த நான்கு மணி நேரம்தான் அடுத்த இரண்டு நாளுக்கான உயிர். இதை ஓட்டுநருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழு பேரில் ஒருத்தி அவருடைய கூடப்பிறந்த அக்கா.

அக்கா நாற்பது வருடம் தையல் எந்திரத்தை மிதித்தவள். இப்போது இடது கையில் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாயைப் பெரிதாக்கி விட்டதால் எந்திரத்தில் உட்காருவதில்லை. ஆனால் கண் மட்டும் தொழிலை விடவில்லை. வேனில் ஏறும் ஒவ்வொருவரின் சட்டைத் தையலையும் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லாமல் அவள் உட்கார்ந்ததில்லை. ஓட்டுநருக்கு நேர் பின் இருக்கை அவளுடையது. அங்கிருந்தபடியே தம்பியின் ஓட்டத்தையும் குறை சொல்லிக்கொண்டு வருவாள். அவளுக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கு, அவள் குரல் தெளிவாக இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி.

வேனுக்கு வயது முப்பத்தொன்று. மருத்துவமனையின் பாதி டாக்டர்களுக்கு அது மூத்தது. ஒருநாள் அதன் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இற்றுப்போனது. மூடி ஆவியை விட்டது, தண்ணீர் குறைந்தது, மேட்டில் வண்டி கொதித்தது. ஓட்டுநர் ஒரு துண்டுச் சீட்டில், ரேடியேட்டர் மூடி ரப்பர் போய்விட்டது, ஏழு பவுண்டு மூடி ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வரலாறு எப்போதும் இப்படிச் சின்னச் சீட்டுகளில்தான் தொடங்குகிறது.

சீட்டைப் பார்த்த நிர்வாக அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோயாளிகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயத்தை ஒரு துண்டுச் சீட்டில் முடிப்பதா? உடனே மூவர் குழு அமைந்தது. தலைவர், அவரே. உறுப்பினர்கள், தர மேம்பாட்டு அலுவலர் அம்மையாரும் கிடங்குக்காரரும். அம்மையார் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டுக் கலர் கலராக ஒட்டுச்சீட்டுகளுடன் திரும்பியிருந்தார்; ஒட்டுவதற்கு ஒரு பிரச்சினை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். கிடங்குக்காரர் முப்பது வருடமாக எல்லாத் தீர்மானங்களிலும் கையெழுத்திட்டுப் பழகியவர்.

மேசைமேல் மூன்று மூடிகள் வைக்கப்பட்டன. ஒன்றில் 7 என்று குத்தியிருந்தது, ஒன்றில் 13, ஒன்றில் 15. குழு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எடை பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மதிப்பெண் போட்டது. ஏழு போட்ட மூடிக்கு ஏழு மதிப்பெண். பதினைந்து போட்ட மூடிக்குப் பதினைந்து. இவ்வளவு ஒளிவுமறைவற்ற தேர்வு அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

ஓட்டுநரையும் அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். கேட்பது "பங்கேற்பு நிர்வாகம்" என்பதால் கேட்டார்கள். அவர் பணிவாகத்தான் சொன்னார். எண் பெரிசா இருந்தா மூடி நல்லதுன்னு அர்த்தம் இல்லீங்க. உள்ள எவ்வளவு அழுத்தம் ஏறுற வரைக்கும் மூடி திறக்காம இருக்கும்ங்கற கணக்கு அது. இந்த வண்டி ஏழுக்குச் செஞ்ச வண்டி. ஏழுல மூடி திறந்து ஆவிய விட்டாத்தான் மத்ததெல்லாம் பிழைக்கும்.

"குக்கர் மாதிரிதான் சார். விசில் மேல கல்லத் தூக்கி வெச்சா குக்கர் பலமாயிடாது" என்று முடித்தார்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, குக்கர் சம்பந்தமான கருத்து மதிப்புமிக்கது என்றும், அதைச் சமையல் பிரிவுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

"நோயாளிங்க விஷயத்துல ஏழோட நிறுத்திக்க நமக்கு மனசு வருமா? சொல்லுங்க" என்றார்.

யாருக்கும் மனசு வரவில்லை. பதினைந்து ஒருமனதாகத் தேறியது. பழைய மூடி "கழிக்கப்பட்ட பொருள்" என்ற சீட்டுடன் ஓர் உறைக்குள் போனது.

புது மூடி பளபளவென்று இருந்தது. முதல் வாரமே மேல் ரப்பர் குழாய் வெடித்தது. நல்லவேளை, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது. குழு கூடியது. மூடியைக் கழற்றிச் சோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்தார்கள். பதினைந்து வரை ஒரு சொட்டுக் கசியவில்லை. "மூடி தேறியது, குழாய் தவறியது" என்று குறிப்பு எழுதிக் குழாயை மாற்றினார்கள். மூன்றாம் வாரம் வாட்டர் பம்பின் சீல் அழுதது. மூடி மறுபடி தேறியது. ஐந்தாம் வாரம் கீழ்க் குழாய். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். அந்த மூடி எதை உடைத்தாலும் மண்குடமாகவே இருந்தது.

இரண்டு தடவை எட்டு மணி தப்பியது. நர்ஸ் யாரையோ கெஞ்சிக் கூத்தாடி ஏழு பேரையும் மதிய முறையில் நுழைத்தாள். இரண்டாம் தடவை அக்கா எந்திரத்திலிருந்து எழுந்து வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதை ஓட்டுநர் பார்த்தார். அவர் மறுபடியும் ஒரு சீட்டு எழுதினார். இந்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அதன் பலனாக "வேர்க்காரணப் பகுப்பாய்வு" நடந்தது. அம்மையார் வெள்ளைப் பலகை முன் நின்று, எந்தப் பிரச்சினையையும் ஐந்து முறை "ஏன்" என்று கேட்டால் அதன் வேர் கையில் வந்துவிடும் என்று விளக்கினார். ஏன் குழாய் வெடித்தது? அழுத்தம் தாங்கவில்லை, மஞ்சள் சீட்டு ஒட்டப்பட்டது. ஏன் தாங்கவில்லை? குழாய்க்குப் பலமில்லை, பச்சைச் சீட்டு. ஏன் பலமில்லை? வண்டி பழசு, நீலச் சீட்டு. ஏன் பழசு? ரொம்ப நாளாக ஓடுகிறது, ஆரஞ்சுச் சீட்டு. ஏன் ரொம்ப நாளாக ஓடுகிறது?

கிடங்குக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இவரு ஓட்டுறாருங்க."

ஐந்தாவது சீட்டு ரோஜா நிறம். அதில் "ஓட்டுநர்" என்று எழுதி அம்மையார் தம் கையாலேயே ஒட்டினார். வேர் கிடைத்துவிட்டது. வேருக்கு அரை நாள் "நேர்மறைச் சிந்தனை"ப் பயிற்சி வழங்கப்பட்டது. வெப்பமானியின் முள் ஏறும்போது பதற்றத்தோடு பார்க்காமல் நம்பிக்கையோடு பார்ப்பது எப்படி என்று அதில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் சான்றிதழை வாங்கி மடித்து, வண்டியின் கண்ணாடி துடைக்க வைத்திருந்த துணியோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

பயிற்சி முடிந்த கையோடு வண்டியை மச்சானின் பட்டறைக்கு விட்டார். மச்சான் என்பது மனைவியின் தம்பி. டயர்க் கடைக்குப் பின்னால், ஒரு கார் நிற்க இடமிருந்தால் இன்னொரு காருக்கு இடமில்லாத பட்டறை. மச்சானுக்கு வெள்ளைப் பலகையும் கிடையாது, ஒட்டுச்சீட்டும் கிடையாது. எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தான். மூடியைத் துணி போட்டுத் திறந்தான். அழுத்தமானி பொருத்திய ஒரு கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் திருகி மாட்டினான். மெதுவாக அடித்தான்.

முள் ஏழில் நின்றது. இருவரும் டீ குடித்தார்கள். டீ முடிந்த பிறகும் முள் ஏழிலேயே நின்றது. தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்க்க எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டான். வரவில்லை, அதனால் எஞ்சின் தலையில் விரிசல் ஏதும் இல்லை. மறுபடி ஆறவிட்டுப் பம்பை மாட்டி, எட்டு, ஒன்பது, பத்து என்று ஏற்றினான். பத்தில் ரேடியேட்டரின் பக்கவாட்டில் ஈயம் வைத்து ஒட்டிய பற்று, மேலிருந்து கீழ்வரை, லேசாக வியர்த்தது. மச்சான் கையை எடுத்துவிட்டான்.

"மாமா, ஏழு வரைக்கும் உன் வண்டிக்கு ஒரு நோயும் இல்ல. பழசுதான், ஆனா நல்ல ஒடம்பு. மேல ஏத்துனா ஒவ்வொண்ணா விட்டுடும். குழாய் போச்சு, பம்பு சீல் போச்சு. அடுத்தது ரேடியேட்டரோட இந்த ஈயப் பத்துதான். இது விட்டா ஒரேயடியா விட்டுடும்."

"பதினஞ்சு வரைக்கும் ஏத்திப் பாக்கலையா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அதைத்தான் உங்க ஆஸ்பத்திரி தினம் பாக்குதே."

நோயைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஆனது ஒரு டீயும் கொஞ்சம் பொறுமையும். இப்படி அவசரப்பட்டு உண்மையைக் கண்டுபிடிப்பவர்களால்தான் நாட்டில் குழுக்களுக்கு மரியாதை குறைகிறது. அவன் பழைய சாமான் டப்பாவைக் கிளறி, மங்கிப்போன ஒரு ஏழு பவுண்டு மூடியை எடுத்து, புது ரப்பர் போட்டு மாட்டினான். பதினைந்து பவுண்டு மூடியை ஓட்டுநர் துடைத்து, துணியில் சுற்றி, ஸ்டியரிங் பக்கத்து முன்பெட்டிக்குள் வைத்தார்.

நான்கு மாதம் வண்டி கொதிக்கவில்லை, கசியவில்லை. எட்டு மணிக்கு முன்பே வாசலில் நின்றது. அக்காவின் முகத்து வீக்கம் வடிந்தது. அவள் பழையபடி ஓட்டுநரின் காலர் தையலைக் குறை சொல்ல ஆரம்பித்தாள். அந்த நான்கு மாதம் அவர் வாழ்க்கையில் சந்தோஷமான மாதங்கள் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம்.

ஆனால் ஒரு நல்ல விஷயம் நடந்தால் அதற்குத் தகப்பனாக யாராவது வந்து நிற்பது வழக்கம். குழு தன் நான்கு மாத அறிக்கையில், சரியான மூடித் தேர்வு, பகுப்பாய்வு, பயிற்சி ஆகிய மூன்றின் விளைவாகப் பழுதுகள் "முற்றிலும் ஒழிக்கப்பட்டன" என்று எழுதியது. வரைபடம் வரைந்தது. அறிக்கை மேலே போனது. மேலிருந்து பாராட்டு வந்தது. பெருநகரில் நடக்கும் மருத்துவமனை நிர்வாக மாநாட்டில் இதை ஒரு "சிறந்த நடைமுறை"யாக மேடையேற்றும்படி அழைப்பும் வந்தது. மேடைக்குப் படம் வேண்டும். படத்துக்கு மூடி வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, புகைப்படக்காரரோடு வண்டியடிக்கு வந்தார். எஞ்சின் முகப்பைத் திறக்கச் சொன்னார். எல்லாரும் குனிந்தார்கள். பளபளப்பை எதிர்பார்த்த இடத்தில் மங்கலாக ஒரு மூடி, அதன் நெற்றியில் 7.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஓட்டுநர் மறைக்கவில்லை. முன்பெட்டியைத் திறந்து, துணிப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். மூடியில் ஒரு கீறல் இல்லை. பத்திரமாத்தான் வெச்சிருந்தேன் சார் என்றார். அதுவே அவருக்கு எதிரான முதல் குற்றச்சாட்டாயிற்று: நிறுவனத்தின் மூடியை நான்கு மாதம் வேலையில்லாமல் வைத்திருந்தது. இரண்டாவது, அங்கீகரிக்கப்படாத பொருளால் வண்டியை ஓடச் செய்தது.

விசாரணையில் அவர் கெஞ்சினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. பதினைந்தைத் திரும்பப் போட்டால் ரேடியேட்டர் போய்விடும், மேட்டில் ஆட்களோடு நின்றுவிடும் என்றார்.

"நாலு மாசமா ஒண்ணும் ஆகலையே" என்றார் தலைவர்.

"அந்த நாலு மாசமா அந்த மூடி வண்டியில இல்லீங்க சார்."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். மூடி முன்பெட்டில சும்மா இருந்ததுக்கே இவ்வளவு பலன்னா, இருக்க வேண்டிய எடத்துல இருந்தா எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க."

அம்மையார் அதை உடனே குறித்துக்கொண்டார். இப்படிப்பட்ட தர்க்கம் வாழ்நாளில் ஒரு முறைதான் காதில் விழும்.

ஏழு பவுண்டு மூடி சாட்சிப் பொருளாக உறைக்குள் போனது. பதினைந்து பவுண்டு மூடி சகல மரியாதைகளுடன் வண்டியில் ஏறியது. இனி யாரும் தொடாதபடி மூடிக்குக் கம்பி கட்டி, ஈய முத்திரை வைக்க முடிவாயிற்று. முத்திரை அச்சு மின்மானிப் பிரிவில் இருந்தது. அதை இரவல் வாங்க மூன்று கையெழுத்து தேவைப்பட்டது. செவ்வாயும் புதனும் வண்டி கொட்டகையிலேயே நின்றது. புதன்கிழமை அக்கா உட்பட ஏழு பேருக்கும் எந்திரம் இல்லை. "மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்" என்று அவர்களுக்குச் செல்போனில் செய்தி போனது. அக்காவின் போனில் எழுத்து பொடிசு. அவள் கண்ணாடி போட்டும் படிக்க முடியாமல், வாசலிலேயே பத்து மணி வரை பையோடு உட்கார்ந்திருந்தாள்.

முத்திரை குத்தி முடித்ததும் கிடங்குக்காரர் ஓட்டுநரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கெட்டவர் இல்லை அவர். கையெழுத்துப் போடுகிற பழக்கம் மட்டும்தான்.

"கம்பி அறுந்திருந்தா அன்னைக்கே வேல போயிரும். ஆர்டர் டைப் அடிச்சே வெச்சிருக்காங்க. தேதி மட்டும்தான் போடணும். பாத்து நடந்துக்கோங்க."

வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுக்கும்போது ஓட்டுநரின் சட்டைப் பையில் மச்சான் கொடுத்த இன்னொரு ஏழு பவுண்டு மூடி இருந்தது. இருக்கைக்கு அடியில் கட்டிங் பிளேயர் இருந்தது. குடியிருப்பை அடைந்ததும் முதலில் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினார். அவள் முகம் ஊதியிருந்தது. படி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றாள். இருக்கையில் சாய்ந்தவள் யார் சட்டையையும் பார்க்கவில்லை.

ஓட்டுநர் இறங்கிப்போய் முகப்பைத் திறந்தார். காலி வண்டியாக மெல்ல வந்ததால் எஞ்சின் அவ்வளவாகச் சூடேறவில்லை. ஒரு நொடி வேலை. கம்பியை வெட்டி, மூடியை மாற்றி, முகப்பைச் சாத்திவிடலாம். அவர் கம்பியைப் பார்த்தபடி நின்றார். வேலை போவதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அன்று காலை வீட்டில் மனைவி கேட்டதுதான் மனதில் ஓடியது. உங்கள அனுப்பிட்டா அக்காவ யாரு ஒழுங்கா கூட்டிட்டுப் போவா? புதுசா வர்றவன் வாசல்ல வந்து நிப்பானா, அவ ஏறுற வரைக்கும் காத்திருப்பானா?

இன்னும் ஒரே ஒரு தடவை, மெதுவாகப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தார். முகப்பைச் சாத்தினார். அந்த ஒரு நினைப்புக்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெப்பமானியின் முள் அசையவே இல்லை. அதுதான் அந்த மூடியின் மகிமை. மேட்டில் பாதி ஏறும் வரை ஒரு துளி ஆவி வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டது. உச்சிக்குச் சற்று முன்னால் "டப்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரே வெள்ளைப் புகை. ரேடியேட்டரின் ஈயப் பற்று மச்சான் சொன்ன இடத்திலேயே, மேலிருந்து கீழ்வரை ஒரே கிழியாகக் கிழிந்திருந்தது. தண்ணீர் முழுதும் ரோட்டில் ஓடியது. புகை அடங்கியதும் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். மூடி இருந்த இடத்தில் இருந்தது. முத்திரை நலுங்கவில்லை.

மருத்துவமனைக்குப் போன் போட்டார். வேறு வண்டி இருக்கிறது, கொட்டகையில் சும்மாதான் நிற்கிறது, ஆனால் நிர்வாக அதிகாரி அனுமதி வேண்டும் என்றார்கள். நிர்வாக அதிகாரி மாநாட்டு மேடையில் இருந்தார். மேடையில் போனை அணைத்துவைப்பது மரபு. அவர் எந்த மரபையும் மீறியவரல்ல. அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் திரையில் அந்த மூடியின் படம் ஆறடி அகலத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்ததாகவும், கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாகவும் பிறகு அறிக்கையில் படித்தோம்.

போன கார்கள் நிற்கவில்லை. கடைசியில் செங்கல் ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். அக்காவை முன்னால் டிரைவர் பக்கத்தில் தூக்கி உட்காரவைத்தார்கள். மற்ற ஆறு பேரும் செங்கல் தூசியில், பின்னால். பதினொன்றரைக்கு வாசலில் இறங்கியபோது எல்லா எந்திரங்களிலும் ஆள் இருந்தது. நர்ஸ் ஓடினாள், அழுதாள், சண்டை போட்டாள். மூன்று மணிக்கு ஓர் எந்திரம் கிடைத்தது. அதற்குள் அக்காவின் நெஞ்சில் தண்ணீர் ஏறியிருந்தது. நான்கு நாள் நஞ்சு உடம்பில் நின்றுவிட்டது, இதயம் தடுமாறுகிறது என்றார் டாக்டர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

குழுவின் கடமையுணர்ச்சியை இங்கே பாராட்டாமல் போனால் அது நன்றி மறத்தல். மறுநாள் காலையிலேயே மூவரும், மாநாட்டுக் கேடயத்தைக் கூட இன்னும் அலமாரியில் வைக்காமல், வாக்குமூலம் வாங்க நேராகப் படுக்கையடிக்கு வந்துவிட்டார்கள். காலில் உறை, தலையில் தொப்பி, கையில் கோப்பு. ஓட்டுநர் கட்டிலின் மறுபக்கம் அக்காவின் வலது கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்தக் கையை விட்டால் தலைவரின் கழுத்தைப் பிடித்துவிடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

அக்கா ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். யார் இவர்கள் என்று கண்ணால் தம்பியைக் கேட்டாள். தலைவரே முன்வந்து, வண்டியின் குளிர்விப்பு அழுத்தம் குறித்த உயர்நிலைக் குழு என்று அறிமுகம் செய்துகொண்டார். அவள் அவர் கோட்டின் தோள் தையலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூடி சௌக்கியமா?" என்று கேட்டாள்.

தலைவர் நெகிழ்ந்துவிட்டார். "நல்லா இருக்கும்மா. ஒரு கீறல் கூட இல்ல. நீங்க அதப் பத்திக் கவலையே படாதீங்க" என்றார்.

"அப்ப சரி" என்று அக்கா முகமூடியைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

"நோயாளி, தம் உடல்நிலையையும் பொருட்படுத்தாமல், மூடியின் நலனை அக்கறையோடு விசாரித்தார், பதிலில் முழுத் திருப்தி தெரிவித்தார்" என்று அம்மையார் எழுதினார். கையெழுத்துக் கேட்டார்கள். நாற்பது வருடம் ஊசி பிடித்த விரல்களால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. கட்டை விரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர் அவள் விரலில் இருந்த மையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது முழுதும் போவதற்குள், அன்று பிற்பகல், அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் ஓட்டுநரை அழைத்தார்கள். அறிக்கை தயாராக இருந்தது. ரேடியேட்டரின் முதுமையே காரணம். மூடி, குழாய்கள், பம்பு, ரேடியேட்டர் ஆகிய நான்கில் கடைசிவரை தாங்கியது மூடி ஒன்றே. எனவே மருத்துவமனையின் மற்ற எல்லா வண்டிகளுக்கும் அதே பதினைந்து பவுண்டு மூடியைப் பொருத்தலாம் என்று பரிந்துரை. முத்திரை அறுபடாததால் ஓட்டுநர் குற்றமற்றவர் என்று ஒரு பத்தி. தலைவர் அந்தப் பத்தியை அவருக்கு வாசித்தே காட்டினார்; எழுந்து வந்து தோளில் தட்டியும் கொடுத்தார்.

சாட்சி என்ற முறையில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்கள். ஓட்டுநர் பேனாவை வாங்கினார். நின்றபடியே, பெரிய எழுத்தில் எழுதினார்.

"மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் அக்கா செத்துப்போனாள்."

குழு அதைக் கவனமாகப் பரிசீலித்தது. முதல் வாக்கியம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. இரண்டாவது வாக்கியம் இந்தக் கோப்புக்குச் சம்பந்தமில்லாதது என்பதால், அளவுகோல் வைத்து, நேராக அடிக்கப்பட்டது.